சவ்வுப் புரதத்தை எதில் வைத்து ஆராய்வது: டிடர்ஜென்ட், நானோடிஸ்க், எஸ்எம்ஏ, லைப்போசோம்

நீரில் கரையும் புரதத்தை ஆராய்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது. நல்ல பஃபர் ஒன்று போதும். சவ்வுப் புரதத்தின் நடுப்பகுதியோ நீரை வெறுப்பது. சவ்வைக் கடக்கும் ஒவ்வோர் ஆல்ஃபா சுருளிலும் ஏறத்தாழ 20 அமினோ அமிலங்கள் இருக்கும், ஒன்றுக்கு 0.15 நானோமீட்டர் வீதம் சுருளின் நீளம் 3 நானோமீட்டர். சவ்வைக் கட்டும் கொழுப்பு மூலக்கூறுகளான லிப்பிடுகளின் இரட்டை அடுக்கில் எண்ணெய்ப் பகுதியும் ஏறத்தாழ அதே தடிமன்தான். அந்த உயரத்துக்குப் புரதத்தைச் சுற்றி எண்ணெய்த்தன்மையுள்ள ஏதாவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

அந்த எண்ணெய்ச் சூழலைத் தர இன்று வழக்கில் இருப்பவை முக்கியமாக நான்கு: டிடர்ஜென்ட் மைசெல் (டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் திரண்ட நுண் உருண்டை), புரதப் பட்டை கட்டிய நானோடிஸ்க், எஸ்எம்ஏ என்ற பாலிமர் வெட்டியெடுக்கும் வட்டத் துண்டு, லைப்போசோம் (லிப்பிடு இரட்டை அடுக்காலான மூடிய குமிழ்). கையிருப்பில் இருப்பதைக் கொண்டு தொடங்கிவிட்டு, கடைசி அளவீட்டுக்கு அது ஒத்துவராது என்று மாதங்கள் கழித்துத் தெரிந்துகொள்வது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. ஆகவே எங்கள் பரிந்துரை எளியது. இறுதியில் எதை அளக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து முடிவெடுங்கள். கூடவே, புரதத்தைச் சுற்றியுள்ள லிப்பிடுகளை அழுக்காகக் கருதிக் கழுவித் தள்ளாதீர்கள். பல புரதங்களுக்கு அவை வேலை செய்யும் உறுப்பின் பகுதி.

சவ்விலிருந்து எடுக்கும்போது எதை இழக்கிறோம்

லிப்பிடுக் கடலில் புரதங்கள் மிதக்கும் சிங்கர், நிக்கல்சன் ஆகியோரின் 1972 படம் பாடப்புத்தகம் படித்த எல்லோர் மனதிலும் இருக்கிறது. அடிப்படையில் அது சரி. ஆனால் அந்தக் கடல் எவ்வளவு விரிந்தது என்பது சவ்வுக்குச் சவ்வு மாறும். நரம்பிழையைச் சுற்றியுள்ள மையலின் உறையில் எடையில் கால் பங்குக்கும் குறைவாகவே புரதம். சிவப்பணுச் சவ்வில் ஏறத்தாழ பாதி. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் முக்கால் பங்கு. எடையில் பாதிக்குப் பாதி என்றால் ஒரு புரதத்துக்குச் சுமார் 50 லிப்பிடு மூலக்கூறுகள் வரும். முக்கால் பங்கு புரதம் என்றால் 17 அளவில்தான். ஏழு சுருள் கொண்ட ஒரு புரதத்தை இரண்டு அடுக்கிலும் ஒரே ஒரு வரிசையாகச் சுற்றி நிற்கவே 30-க்கு மேல் லிப்பிடுகள் வேண்டும். ஆக, மைட்டோகாண்ட்ரியாவில் ஒரே லிப்பிடை இரண்டு புரதங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய நெருக்கடி. அங்கே கடல் என்று சொல்ல எதுவும் இல்லை.

புரதத்தை ஒட்டி நிற்கும் லிப்பிடுகளிலும் இரண்டு வகை உண்டு. சுற்று வளையமாக நிற்பவை வந்து வந்து போகும். தசைச் செல்லின் கால்சியம் பம்பைச் சுற்றி இப்படிச் சுமார் 30 நிற்பதாக அளந்திருக்கிறார்கள். இன்னொரு வகை, புரதத்தின் மடிப்புகளுக்குள் குறிப்பிட்ட இடத்தில் பொருந்தி உட்காரும். சைட்டோகுரோம் சி ஆக்சிடேசில் கார்டியோலிப்பின் இப்படித்தான் இருக்கிறது. ஈ. கோலையின் லாக்டோஸ் கடத்திப் புரதம் இதைவிடத் தெளிவான பாடம். பாஸ்பாட்டிடைல் எத்தனாலமைன் இல்லாத பாக்டீரியாவில் அதன் முன்பாதி சவ்வில் தலைகீழாகச் செருகப்படுகிறது; செறிவு ஏற்றத்துக்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் திறனும் போய்விடுகிறது. புரதத்தின் அமினோ அமில வரிசையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது லிப்பிடு மட்டுமே.

இன்னோர் இழப்பை நான்கு வழிகளில் எதுவும் முழுதாக ஈடுகட்டாது. செல்லின் வெளிச்சவ்வில் பாஸ்பாட்டிடைல் செரினும் எத்தனாலமைனும் பெரும்பாலும் உள்ளடுக்கில், ஸ்பிங்கோமைலினும் பாஸ்பாட்டிடைல் கோலினும் பெரும்பாலும் வெளியடுக்கில். செல் ஆற்றலைச் செலவழித்துக் காக்கும் இந்த ஏற்றத்தாழ்வு, சவ்வைக் கரைக்கும் நொடியில் கலைந்துவிடும். உங்கள் கேள்வியே இதைப் பற்றியது என்றால் கரைக்கும் வேலையில் இறங்கவே வேண்டாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

டிடர்ஜென்ட்

எதைத் தேர்ந்தாலும் பெரும்பாலும் தொடக்கம் இங்கேதான். நானோடிஸ்க்குக்கும் லைப்போசோமுக்கும் கூட முதலில் டிடர்ஜென்ட் போட்டுப் புரதத்தை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் இந்தப் பகுதிக்குக் கூடுதல் இடம் தருகிறோம்.

முதலில் பார்க்க வேண்டிய எண் சிஎம்சி, அதாவது மைசெல் உருவாகத் தொடங்கும் செறிவு. டிடிஎம் எனப்படும் டோடெசைல் மால்ட்டோசைடுக்கு அது 0.17 மில்லிமோலார், எடைக் கணக்கில் 0.0087 சதவீதம். ஆக்டைல் குளுக்கோசைடுக்குச் சுமார் 20 மில்லிமோலார், அரை சதவீதத்துக்குச் சற்று மேல். எல்எம்என்ஜி என்ற இன்னொரு டிடர்ஜென்டுக்கு 0.01 மில்லிமோலார். இந்த எண்கள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. புரதம் உயிரோடிருக்க எவ்வளவு போட வேண்டும் என்பது ஒன்று. பிறகு அதை நீக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது இன்னொன்று. ஆக்டைல் குளுக்கோசைடை டயாலிசிஸ் செய்து ஓரிரு நாளில் வெளியேற்றலாம். டிடிஎம் டயாலிசிசுக்கு மசியாது. டிடர்ஜென்டை உறிஞ்சும் பாலிஸ்டைரீன் மணிகள் வேண்டும். எல்எம்என்ஜி அதைவிடப் பிடிவாதம். சிஎம்சிக்குக் கீழே நீர்த்தாலும் புரதத்தை விட்டு எளிதில் விலகாது. மின்னணு நுண்ணோக்கிப் படத்துக்கு இந்தப் பிடிவாதம் வரம். லைப்போசோமுக்குப் போகிற திட்டம் இருந்தால் அதே குணம் தலைவலி.

எண்ணெய்த்தன்மையுள்ள வால் குட்டையாகவும் நீரை விரும்பும் தலை சிறியதாகவும் உள்ள டிடர்ஜென்ட் சிறு மைசெல் கட்டும். படிகத்துக்கு அது வசதி. பாக்டீரிய ஒளிச்சேர்க்கை மையத்தின் அமைப்பு 1985-இல் வெளிவந்ததும், மிக்கேல், டைசன்ஹோஃபர், ஹூபர் மூவருக்கும் 1988-இல் நோபல் கிடைத்ததும் எல்டிஏஓ என்ற அத்தகைய கடுமையான டிடர்ஜென்டில் வளர்ந்த படிகங்களால்தான். ஆனால் அந்தப் புரதம் கட்டுறுதி மிக்கது. மனிதச் செல்லின் ஏற்பிகளை எல்டிஏஓவில் போட்டால் பெரும்பாலும் குலைந்துவிடும். புதிய புரதம் என்றால் டிடிஎம்மில் தொடங்குங்கள்.

செய்முறையின் எலும்புக்கூடு இது. செல்லை உடைத்து, 100,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி, சவ்வைப் படிவாக எடுங்கள். மொத்தப் புரதம் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் வரும்படி கலக்குங்கள். டிடிஎம் 1 சதவீதம் சேர்த்து 4 டிகிரி செல்சியசில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் மெல்லச் சுழலவிடுங்கள். 1 சதவீதம் என்பது மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். புரதம் 5 மில்லிகிராம் என்றால் எடையில் 2:1. அதற்குக் கீழே போகாதீர்கள். சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சவ்வின் அளவைப் பார்க்காமல் விடுவதுதான் முதல் பிழை. சவ்வு அதிகமானால் டிடர்ஜென்ட் லிப்பிடுகளுக்கே செலவாகிவிடும்; புரதம் படிவிலேயே தங்கும். பிறகு மீண்டும் 100,000 ஜியில் 45 நிமிடம். இங்கே சாதாரண மேசை சென்ட்ரிஃப்யூஜில் 15,000 ஜி மட்டும் ஓட்டிவிட்டு “கரைந்துவிட்டது” என்று எழுதுவது இரண்டாவது பிழை. அந்த விசையில் கரையாத சிறு சவ்வுக் குமிழ்கள் மேல்நீரிலேயே நிற்கும்.

சுத்திகரிக்கும் பஃபரில் டிடிஎம் 0.02 முதல் 0.03 சதவீதம் போதும், அதாவது சிஎம்சியின் இரண்டு மூன்று மடங்கு. பஃபரில் சேர்க்க மறந்தால், காலம் (column) எனப்படும் சுத்திகரிப்புக் குழாயிலேயே புரதம் திரண்டுவிடும். அதிகமாகச் சேர்த்து நீண்ட நேரம் கழுவினால், பொருந்தி உட்கார்ந்திருக்கும் லிப்பிடும் உருவப்பட்டுவிடும். சுத்திகரிக்கச் சுத்திகரிக்கச் செயல்திறன் இறங்குகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதே லிப்பிடை மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவில் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். ஏற்பிகளுக்குக் கொலஸ்ட்ரால் ஹெமிசக்சினேட் கொடுப்பதும் இந்தக் காரணத்தால்தான். டிடிஎம் பத்துப் பங்குக்கு அது ஒரு பங்கு என்பது வழக்கமான அளவு.

செறிவூட்டும்போது வடிகட்டியின் அளவைக் கவனியுங்கள். டிடிஎம் மைசெல் தானே 70 கிலோடால்டன் போல நடந்துகொள்ளும். 50 கிலோடால்டன் வடிகட்டியில் 10 மில்லிலிட்டரை அரை மில்லிலிட்டராகச் சுருக்கினால் புரதத்தோடு காலி மைசெல்லும் சிறைபட்டு, 0.03 சதவீதம் 0.6 சதவீதம் வரை ஏறக்கூடும். புரதமும் மைசெல்லும் சேர்ந்த பொதி தாங்குமானால் 100 கிலோடால்டன் வடிகட்டியே நல்லது. ட்ரைட்டான் எக்ஸ்-100 பயன்படுத்தினால் 280 நானோமீட்டரில் புரதத்தை அளக்க முடியாது. அதன் பென்சீன் வளையமே அங்கே ஒளியை உறிஞ்சும். பழைய புட்டியில் பெராக்சைடும் சேர்ந்திருக்கும். சிஸ்டீன் உள்ள புரதத்தை அது கெடுக்கும்.

எந்த டிடர்ஜென்ட் என்று அறியக் கிலோக் கணக்கில் செல் வளர்க்க வேண்டியதில்லை. புரதத்தோடு பச்சை ஒளிரும் புரதத்தை இணைத்து, ஆறேழு டிடர்ஜென்டில் சிறு அளவில் கரைத்து, சுத்திகரிக்காமலே அளவுபிரிப்புக் காலத்தில் ஓட்டி, ஒளிர்வை மட்டும் பார்க்கும் முறை 2006-இலிருந்து இருக்கிறது. ஒரே சமச்சீர்ச் சிகரம் வந்தால் நல்லது. மிகப் பெரிய துகள்கள் முதலில் வெளிவரும் வெற்றுக் கனஅளவிலேயே சிகரம் வந்தால் திரண்டுவிட்டது என்று பொருள். ஒரு நாள் வேலை. மாதக்கணக்கான உழைப்பைக் காக்கும்.

டிடர்ஜென்ட் தேர்வு வெறும் வசதிக் கணக்கு அல்ல என்பதற்கு மைட்டோகாண்ட்ரியா நல்ல சாட்சி. அதே உட்சவ்வை டிடிஎம்மில் கரைத்து, புரதக் கூட்டுகளைக் குலைக்காமல் பிரிக்கும் நேட்டிவ் ஜெல்லில் ஓட்டினால் சுவாசச் சங்கிலியின் கூட்டுகள் தனித்தனிப் பட்டைகளாகத் தெரியும். டிஜிடோனினில் கரைத்தால் முதல், மூன்றாம், நான்காம் கூட்டுகள் கைகோத்த பெருங்கூட்டுகள் தெரியும். ஒரே சவ்வு, இரண்டு விடைகள். புரதங்களைச் சேர்த்துப் பிடிக்கும் லிப்பிடை டிடிஎம் உருவிவிடுகிறது. டிஜிடோனின் பெருமளவு விட்டுவைக்கிறது. புரதக் கூட்டுகளின் ஒழுங்கைத் தேடுபவர் டிடிஎம்மோடு நிறுத்திக்கொண்டால் இல்லாததை எழுதுவார். மறுபக்கமும் உண்டு. 4 டிகிரியில் ட்ரைட்டான் எக்ஸ்-100 கரைக்காமல் விடும் பகுதியை அப்படியே “லிப்பிடு ராஃப்ட்” என்று எழுதும் பழக்கம் நீண்ட நாள் இருந்தது. குளிரும் டிடர்ஜென்டும் சேர்ந்தே கொலஸ்ட்ரால் மிகுந்த திட்டுகளை உண்டாக்கும் என்பதால், உயிருள்ள செல்லில் அத்தகைய திட்டு இருந்ததற்கு அது சான்றாகாது.

டிஜிடோனின் செடியிலிருந்து எடுக்கும் பொருள். புட்டிக்குப் புட்டி தூய்மை மாறும், குளிர்ந்த நீரில் வீழ்படியும். ஜிடிஎன் அதன் செயற்கைத் தம்பி, சீரானது. படமெடுக்கும் வேலைக்கு ஜிடிஎன்னையே பரிந்துரைக்கிறோம்.

நானோடிஸ்க்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஸ்லைகர் குழு உருவாக்கிய இந்த முறையில், இரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம் ஏ-1-ஐ வெட்டிச் சீரமைத்த எம்எஸ்பி என்ற புரதம் இரண்டு பட்டைகளாக ஒரு சிறு இரட்டை அடுக்கைச் சுற்றிக் கட்டுகிறது. எம்எஸ்பி1டி1 தரும் வட்டின் விட்டம் 9.7 நானோமீட்டர். எம்எஸ்பி1இ3டி1 தருவது 12 சொச்சம். லிப்பிடை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், இரண்டு பக்கமும் நீரில் திறந்திருக்கும், டிடர்ஜென்ட் இருக்காது. பிணைப்பு அளவீடுகளுக்கும் மின்னணு நுண்ணோக்கிக்கும் இதைவிடப் பொருத்தமான சூழல் இல்லை என்றே சொல்வோம்.

இதன் மதிப்பைக் காட்ட மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 ஏற்பி போதும். அதன் அமைப்பு 2013-இல் ஆம்ஃபிபோல் என்ற பாலிமர் சூழலில் தெரியவந்தது. 2016-இல் அதே புரதத்தை நானோடிஸ்க்கில் வைத்துப் பார்த்தபோது, கேப்சைசின் உட்காரும் குழியில் ஏற்கெனவே ஒரு பாஸ்பாட்டிடைல் இனோசிட்டால் லிப்பிடு குடியிருப்பது தெளிவானது. மிளகாயின் காரப்பொருள் அதை இடம்பெயர்த்துத்தான் வாசலைத் திறக்கிறது என்ற விளக்கம் அங்கிருந்து வந்தது. லிப்பிடு, மருந்து, புரதம் மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் காட்சி, லிப்பிடுச் சூழல் இருந்ததால்தான் இவ்வளவு தெளிவாகக் கிடைத்தது.

வெற்றி தோல்வி முழுவதும் விகிதத்தில் இருக்கிறது. காலி வட்டுக்கு, ஓர் எம்எஸ்பி1டி1-க்கு பிஓபிசி லிப்பிடு 65. வட்டுக்கு இரண்டு பட்டை என்பதால் 130, அடுக்குக்கு 65. ஒரு லிப்பிடு பிடிக்கும் பரப்பு 0.65 சதுர நானோமீட்டர் என்றால் 42 சதுர நானோமீட்டர், விட்டம் 7.3. பட்டையின் தடிமனைச் சேர்த்தால் 9.7-க்கு வந்துவிடும். இப்போது ஏழு சுருள் புரதம் ஒன்றை உள்ளே வையுங்கள். சுருளுக்கு 1.4 சதுர நானோமீட்டர் வீதம் சுமார் 10 சதுர நானோமீட்டர். அடுக்குக்கு 15 லிப்பிடு வெளியேற வேண்டும். ஆகவே நிறைந்த வட்டுக்கு எம்எஸ்பி ஒன்றுக்கு 50 வரையில் வரும். காலி வட்டுக்கான விகிதத்தை அப்படியே போட்டால் லிப்பிடு மிஞ்சிப் பெருங்குமிழ்களாகும். வெற்றுக் கனஅளவில் சிகரம் எழும். லிப்பிடு மிகக் குறைந்தால் கட்டப்படாத எம்எஸ்பி பிந்திய சிகரமாக வரும். 40, 50, 60, 70 என்று நான்கு சிறு குழாய்களில் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி.

ஒரு கணக்கு. 50 கிலோடால்டன் புரதம் 10 மைக்ரோமோலாரில் 500 மைக்ரோலிட்டர் இருக்கிறது: 5 நானோமோல், கால் மில்லிகிராம். எம்எஸ்பி நான்கு மடங்கு: 20 நானோமோல், 200 மைக்ரோமோலார் இருப்பிலிருந்து 100 மைக்ரோலிட்டர். லிப்பிடு, எம்எஸ்பியைப் போல 60 மடங்கு: 1.2 மைக்ரோமோல். இது 100 மில்லிமோலார் சோடியம் கோலேட்டில் கரைத்த 50 மில்லிமோலார் இருப்பிலிருந்து 24 மைக்ரோலிட்டர். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இப்படிக் கலந்தால் கோலேட்டின் இறுதிச் செறிவு 4 மில்லிமோலார்கூட வராது. கோலேட்டின் சிஎம்சி 14 மில்லிமோலாருக்கு அருகில். லிப்பிடு முழுதாகக் கரைந்த நிலையில் இருக்காது. 400 மில்லிமோலார் கோலேட் 26 மைக்ரோலிட்டர் கூடுதலாகச் சேர்த்தால் 20 மில்லிமோலார் ஆகும். அதன் பிறகே மணிகளைப் போடுங்கள்: மில்லிலிட்டருக்கு ஈரமான மணி அரை கிராம் அளவில், முதலில் மெத்தனாலிலும் பிறகு நீரிலும் கழுவியது. 20 நானோமோல் எம்எஸ்பி 10 நானோமோல் வட்டுகளைத் தரும். உங்கள் புரதமோ 5 நானோமோல். பாதி வட்டுகள் காலி. அதனால் நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வாலை எம்எஸ்பியிலிருந்து வெட்டிவிட்டு உங்கள் புரதத்தில் மட்டும் விட்டுவையுங்கள். நிக்கல் காலம் காலி வட்டுகளைக் கழித்துவிடும்.

வெப்பநிலையும் முக்கியம். கட்டும் வேலை லிப்பிடின் உருகுநிலைக்கு அருகில் நடக்க வேண்டும். பிஓபிசிக்கு 4 டிகிரி, டிஎம்பிசிக்கு 24 அல்லது 25, டிபிபிசிக்கு 40-ஐ ஒட்டி. உங்கள் புரதம் 40 டிகிரியைத் தாங்காது என்றால் டிபிபிசி உங்களுக்கானதல்ல. இன்னொன்று: 280 நானோமீட்டரில் எம்எஸ்பியும் ஒளியை உறிஞ்சும், வட்டுக்கு இரண்டு வீதம். அதைக் கழிக்காமல் புரதச் செறிவு எழுதினால் அதன்மேல் செய்யும் பிணைப்புக் கணக்கு எல்லாம் கோணும்.

எஸ்எம்ஏ

ஸ்டைரீனும் மலேயிக் அமிலமும் கோத்த இந்தப் பாலிமர் டிடர்ஜென்ட் இல்லாமலே சவ்வை 10 நானோமீட்டர் அளவிலான வட்டங்களாக வெட்டும். 2009-இல் சவ்வுப் புரதங்களுக்குப் பயன்பட்டதிலிருந்து பரவியது. ஈரச் சவ்வு மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம், பாலிமர் 2.5 சதவீதம், பிஎச் 8, உப்பு 150 மில்லிமோலாருக்குக் குறையாமல், அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம், பிறகு 100,000 ஜி. இவ்வளவுதான். கலங்கல் தெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எளிமையைக் கண்டு எல்லாவற்றுக்கும் இதையே எடுத்துவிடக் கூடாது. பிஎச் 6.5-க்குக் கீழே பாலிமர் வீழ்படியும். மக்னீசியமும் கால்சியமும் சில மில்லிமோலாரைத் தாண்டினாலும் அப்படியே. ஏடிபியில் ஓடும் பம்புகளுக்கு மக்னீசியம் இன்றியமையாதது; அந்த அளவீட்டை எஸ்எம்ஏவில் வைக்க நினைப்பவர் முதல் நாளிலேயே முட்டிக்கொள்வார். டிஐபிஎம்ஏ என்ற உறவினர் இந்த அயனிகளைக் கூடுதலாகத் தாங்கும், புற ஊதாவையும் மறைக்காது. ஆனால் பல சவ்வுகளில் விளைச்சல் குறைவு. நிக்கல் காலத்தோடும் எஸ்எம்ஏ மெதுவாகவே ஒட்டும். மிஞ்சிய பாலிமர் நிக்கலைப் பற்றிக்கொள்வதால் ஒரு மணி நேரம் போதாது, இரவு முழுவதும் 4 டிகிரியில் விடுங்கள்.

“இயற்கை லிப்பிடுகளோடு அப்படியே எடுத்துவிடலாம்” என்ற விளம்பரத்தில் ஒரு திருத்தம் தேவை. எஸ்எம்ஏ வட்டுகள் மோதும்போது லிப்பிடுகளை விரைவாகப் பரிமாறிக்கொள்கின்றன. கரைசலில் காலி வட்டுகள் நிறைந்திருந்தால், புரதத்தின் வளைய லிப்பிடுகள் மொத்தச் சவ்வின் சராசரியை நோக்கிக் கரைந்துபோகும். இறுக்கமாகப் பொருந்தியவை மட்டுமே நிற்கும். ஆகவே நிறை அளவியில் லிப்பிடுப் பட்டியல் எடுப்பவர் புரதமுள்ள வட்டுகளை மொத்தச் சவ்வோடு ஒப்பிட்டு, எது கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தனிப் பட்டியல் ஒன்றை வைத்து “இவையே இதன் அண்டை வீட்டார்” என்று எழுதினால் பிழையாகும். அந்த ஒப்பீட்டோடு செய்தால், எந்த லிப்பிடு ஒட்டி நிற்கிறது என்ற கேள்விக்கு எஸ்எம்ஏவே சிறந்த வாசல்.

லைப்போசோம்

மற்ற மூன்றிலும் சவ்வுக்கு உள், வெளி என்ற இரண்டு அறைகள் கிடையாது. ஒரு பொருள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதா என்று அளக்க வேண்டுமானால் லைப்போசோமைத் தவிர வேறு வழியில்லை. கடத்திகள், பம்புகள், அயனி வாயில்கள் மூன்றுக்கும் இறுதித் தீர்ப்பு இங்கேதான்.

குளோரோஃபாமில் உள்ள லிப்பிடை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, வெற்றிடத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பஃபரில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராமாகக் கலக்கி, ஐந்து முதல் பத்து முறை உறையவைத்து உருக்குங்கள். வடிதாள் வழியே 11 அல்லது 21 முறை தள்ளுங்கள். ஒற்றைப்படை என்பதால் கடைசியில் எதிர்ச் சிரிஞ்சில் வந்து நிற்கும், வடிபடாத மிச்சம் கலக்காது. அடுத்து ட்ரைட்டானைச் சிறுகச் சிறுகச் சேர்த்து 540 நானோமீட்டரில் கலங்கலைக் கவனியுங்கள். கலங்கல் ஏறி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும் இடம்தான் சவ்வு டிடர்ஜென்டால் நிறைந்து தளர்ந்த நிலை. புரதத்தை அங்கே சேர்த்து, மணிகளைத் தவணை முறையில் போட்டு டிடர்ஜென்டை உறிஞ்சுங்கள். முழுதாகக் கரைந்த பிறகு சேர்த்தால் புரதம் இரண்டு திசையிலும் கலந்து செருகும். தளர்ந்த நிலையில் சேர்த்தால் பல புரதங்கள் பெருமளவு ஒரே திசையில் அமையும். எப்படி அமைந்தது என்று சவ்வைக் கடக்காத புரோட்டியேஸ் கொண்டு சரிபார்க்காமல் கடத்தும் வேகத்தை எழுத வேண்டாம்.

எவ்வளவு புரதம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 100 நானோமீட்டர் விட்டமுள்ள லைப்போசோமில் இரண்டு அடுக்கும் சேர்ந்து 87,000 லிப்பிடு அளவில் இருக்கும். எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு 50 கிலோடால்டன் புரதம் சேர்த்தால் லைப்போசோமுக்கு 13. ஆயிரத்துக்கு ஒன்று என்றால் சராசரி ஒன்றே ஒன்று, பல காலி. உள்ளே 10 மில்லிமோலார் செறிவை எட்ட 2,300 மூலக்கூறு போதும். நொடிக்கு 10 கடத்தும் புரதம் 13 இருந்தால் இருபது நொடிக்குள் நிரம்பிவிடும். முதல் மாதிரியை ஒரு நிமிடத்தில் எடுப்பவருக்குத் தட்டையான கோடுதான் கிடைக்கும்; புரதம் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். 5, 10, 15 நொடிகளில் எடுங்கள், அல்லது புரதத்தைக் குறையுங்கள்.

இங்கே அடிக்கடி ஏமாற்றுவது கசிவு. மிஞ்சிய டிடர்ஜென்ட் சிறிதளவு இருந்தாலும் அயனிகள் தாமே நழுவும். அது கடத்தல் போலவே தோன்றும். புரதமில்லாத லைப்போசோமையும் அதே டிடர்ஜென்ட், அதே மணி, அதே நாளில் தயாரித்து இணையாக ஓட்டினால் மட்டுமே வேறுபாட்டை நம்பலாம்.

வெளியே எடுக்கவே கூடாத கேள்விகள்

அடுக்குகளின் ஏற்றத்தாழ்வு, செல் எலும்புக்கூட்டின் தடுப்பு, புரதங்கள் எங்கே கூடுகின்றன என்பவை எல்லாம் உயிருள்ள செல்லில் மட்டுமே விடை தரும். எலிச் சிறுநீரகச் செல்லில் லிப்பிடு ஒன்றை 25 மைக்ரோநொடிக்கு ஒரு படம் என்ற வேகத்தில் பின்தொடர்ந்தபோது, அது 230 நானோமீட்டர் அளவிலான அறைகளுக்குள் சுற்றி, சராசரி 11 மில்லிநொடிக்கு ஒருமுறை அடுத்த அறைக்குத் தாவுவது தெரிந்தது. சாதாரண வீடியோ வேகத்தில் அதே ஓட்டம் வெறும் மந்தமான பரவலாகத் தெரியும். நானோடிஸ்க்கில் எவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தாலும் இந்தத் தாவல் தெரியவராது.

இனி முடிவு

அமைப்பைப் படமெடுப்பது நோக்கம் என்றால் டிடிஎம்மில் எடுத்து ஜிடிஎன்னுக்கு மாற்றுங்கள். நல்ல படம் வந்தபின், லிப்பிடின் இடம் முக்கியம் என்று தோன்றினால் நானோடிஸ்க்குக்குப் போங்கள். மருந்து பிணைகிறதா என்று அளக்கவேண்டுமானால் நேரே நானோடிஸ்க். கடத்தல் வேகம் என்றால் டிடிஎம்மிலிருந்து லைப்போசோம்; எல்எம்என்ஜி பக்கம் போகவேண்டாம். எந்த லிப்பிடு உடன் வருகிறது என்றால் எஸ்எம்ஏ, இணையாக மொத்தச் சவ்வின் லிப்பிடுப் பட்டியல். கூட்டுப்புரதங்கள் சேர்ந்திருக்கின்றனவா என்றால் டிஜிடோனினும் டிடிஎம்மும் இரண்டிலும் ஓட்டி, இரண்டு விடையையும் எழுதுங்கள். அல்ட்ராசென்ட்ரிஃப்யூஜ் கிடைக்காத இடத்தில் இவற்றில் எதையும் தொடங்குவதை நாங்கள் ஊக்குவிக்கமாட்டோம். அந்த ஒரு கருவி இல்லாமல் கரைந்ததையும் கரையாததையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது.

எந்த வழியானாலும், முதல் துளி டிடர்ஜென்டோ பாலிமரோ விழுமுன் சவ்வுக் கரைசலில் 200 மைக்ரோலிட்டரை 20 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். புரதம் தன் சொந்த லிப்பிடுகளோடு இருந்த ஒரே மாதிரி அது. பின்னால் மைசெல்லிலோ வட்டிலோ குமிழிலோ கிடைக்கும் ஒவ்வோர் எண்ணையும் இந்தப் பங்குகளில் அளந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.